வண்டி ஒன்று... வழித்துணை யார்?

23 லிட்டர் வெந்நீர். நடுத்தர அளவுள்ள ஓர் ஆர்.வி. வீட்டு வண்டியின் ஹீட்டரில் ஒரு தடவைக்கு அவ்வளவுதான் கிடைக்கும். அமெரிக்கக் கணக்கில் ஆறு கேலன். முதலில் குளிக்கப் போனவர் குழாயைத் திறந்துவிட்டுச் சாவகாசமாக நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஜனவரி மாதத்து அரிசோனா பாலைவனத்தில், பல் கிடுகிடுக்கும் விடியற்குளிரில், நாலு நாள் தொடர்ந்து பச்சைத் தண்ணீரில் குளித்தவர் ஐந்தாம் நாள் காலையில் எந்தக் குரலில் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டியில் சேர்ந்து ஊர் சுற்ற ஆள் தேடுகிறவர்கள் மலை பிடிக்குமா, கடல் பிடிக்குமா, நாய் பிடிக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எத்தனை நிமிஷம் குளிப்பீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. மலையை விரும்புகிறவரும் கடலை விரும்புகிறவரும் ஒரே வண்டியில் சந்தோஷமாகப் போய்வரலாம். இந்த வாரம் மலை, அடுத்த வாரம் கடல். ஆனால் இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்கிறவரும், ஒரு மணிவரை டி.வி. பார்க்கிறவரும் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். வீட்டில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். 25 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள ஓர் இடத்தில் சாத்துவதற்குக் கதவு ஏது?

நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பு நடுவே நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது சாமானியர்களின் வாகனம். அங்கே அதற்கு ஆர்.வி. என்று பெயர். சரக்கு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டியது, லாரி அடித்தளத்தின்மேல் சிறு வீட்டை உட்காரவைத்தது, பஸ் அளவுக்குப் பெரியது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போவது என்று பல வகை. இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரம் இந்தத் தொழிலின் தலைநகரம். பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டே இவற்றில் பலவற்றை ஓட்டலாம். அதனால்தான் அறுபது வயதில் முதன்முறையாக இப்படியொரு வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

குளிருக்கு ஒதுங்கும் ஊர்

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்றொரு ஊர். கலிபோர்னியா எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நிரந்தரமாக வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்குத் தப்பி வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தம். லா போஸா என்ற பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் வண்டியை நிறுத்திக்கொள்ள 2024இல் 180 டாலர்தான் கட்டணம். நகரத்தில் ஒரு வாரத்து வாடகைகூட அந்தக் காசுக்கு அடங்காது.

அந்த ஊர் இடுகாட்டில் ஒரு விநோதமான நினைவுச்சின்னம் உண்டு. கல்லால் கட்டிய சிறு பிரமிடு, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தபோது, அவற்றை ஓட்டுவதற்காகக் கடல் கடந்து வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. உள்ளூர்க்காரர்கள் வாயில் அவர் பெயர் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. வீட்டை விட்டு வெகுதூரம் வந்து சேர்ந்தவர்களின் ஊர் அது, அன்றும் சரி, இன்றும் சரி.

அங்கே வருகிறவர்களில் தம்பதிகள் நிறைய. தனியாக வருபவர்களும் நிறைய, அவர்களில் வயதான பெண்களைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலத்தில். 2025 தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்கத் தொழிலாளிக்குச் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து கிடைத்த மாதத் தொகை சராசரியாக 1,976 டாலர். வீட்டு வாடகை போக அதில் என்ன மிஞ்சும்? இவர்களின் வாழ்க்கையைத்தான் ஜெசிகா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகமாக எழுதினார். குளோயி ஷாவ் அதைப் படமாக்க, 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்காகப் பாலைவனக் கூட்டங்களை நடத்திவந்த பாப் வெல்ஸ் அந்தப் படத்தில் பாப் வெல்ஸாகவே வருகிறார்.

தனிமரம் தோப்பாகாது என்பது அங்கேயும் உண்மைதான். டயர் பஞ்சரானால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டும். பெட்ரோலும் லேசில் விடாது. நடுத்தர வண்டி ஒன்று லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். 1,600 கிலோமீட்டர் போக 400 லிட்டர் வேண்டும். அதை இரண்டாகப் பகிர்ந்தால் சுமை பாதி. ஆகவே துணை தேடுவது ஆசைக்காக மட்டுமல்ல, பலருக்கு அது தேவை. ஆனால் தேவையின் அவசரத்தில் துணையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் ஏமாந்தும் போகிறார்கள்.

காலை ஆறு மணி

இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரு 25 அடி வண்டிக்குள் பொழுது எப்படி விடிகிறது என்று பார்ப்போம். பின்பக்கம் ஒரு கட்டில். அது பெரும்பாலும் வண்டியின் சொந்தக்காரருக்கு. இன்னொருவர் படுப்பதற்கு இரண்டு வழி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரணில் ஒரு படுக்கை இருக்கும். சின்ன ஏணியில் ஏற வேண்டும், நிமிர்ந்து உட்கார முடியாது, முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது. இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜையைத் தாழ்த்தி, அதன்மேல் இருக்கை மெத்தைகளைப் பரப்பிப் படுக்கையாக்கிக்கொள்ள வேண்டும்.

மேஜையில் படுப்பவர் எழுந்து, மெத்தைகளைப் பிரித்து அடுக்கி, மேஜையை உயர்த்தி நிறுத்தும்வரை கட்டில்காரர் காபியை வைத்துக்கொண்டு உட்கார இடம் கிடையாது. கட்டில்காரர் ஆறு மணிக்கே எழுகிற பழக்கமுள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பூனை மாதிரி நடந்து வந்து குழாயைத் திறக்கிறார். உடனே தரைக்கடியில் இருக்கும் தண்ணீர் பம்ப் 'டர்ர்ர்' என்று வண்டி முழுக்க அதிர்கிறது. மூடினால் நிற்கிறது, திறந்தால் மறுபடி அதிர்கிறது. ராத்திரியில் ஒருவர் கழிவறைக்குப் போய்த் தண்ணீர் விட்டாலும் இதே கச்சேரிதான். கேஸ் ஹீட்டரின் விசிறியும் சேர்ந்துகொள்ளும். ஒருவருக்கு 18 டிகிரி போதும், மற்றவருக்கு 22 வேண்டும். தெர்மோஸ்டாட்டை யார் எப்போது திருப்பினார்கள் என்பது சொல்லாமலேயே இருவருக்கும் தெரியும்.

அதன்பிறகு தொட்டிகள். அநேகமாக எல்லா வண்டிக்கும் மூன்று தொட்டி. நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்ததும் பாத்திரம் கழுவியதும் சேர இன்னொன்று, கழிவறைக்கு மூன்றாவது. கடைசித் தொட்டிக்கு 'பிளாக் டேங்க்' என்று பெயர். சில நாளுக்கு ஒருமுறை அதற்கென்றுள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், கையுறை மாட்டி, தடித்த குழாயைப் பொருத்தி, முதலில் பிளாக் டேங்கைத் திறந்துவிட வேண்டும். பிறகு குளியல் தண்ணீரைத் திறந்தால் அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். முறை மாற்றிச் செய்தால் நாற்றம் குழாயோடு தங்கிவிடும். இந்த வேலையை யார் செய்கிறார்? என்னைக் கேட்டால், துணையாக வரப்போகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 'அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தெளிவாகப் பேசிக்கொண்டாலும் சரி, முறை வைத்துச் செய்தாலும் சரி. ஒருவரே செய்துகொண்டிருக்க, மற்றவர் அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்குக் காலாற நடந்துபோவதுதான் சரியில்லை. அப்படிப்பட்டவரோடு உங்களுக்கு எத்தனை ரசனை ஒத்துப்போனாலும் விலகிவிடுங்கள்.

இன்னொரு சோதனை, வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் கீழே நின்று கை காட்டுவார். 'வரலாம் வரலாம்' என்றவர் திடீரென்று 'ஐயோ' என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார், கை காட்டியவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஆறு மாதம் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் தெரிந்துவிடும்.

வேகமும் ஒத்துப்போக வேண்டும். பழுத்த ஆர்.வி.க்காரர்களிடம் 'மூன்று மூன்று மூன்று' என்றொரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர், சேர்ந்த இடத்தில் மூன்று ராத்திரியாவது தங்கு. இந்தக் கணக்கைக் கேட்டதும் 'ஆமாம், அப்படித்தான்' என்று தலையாட்டுகிறவர் ஒரு ரகம். 'மூன்று நாளா? ஒரே இடத்தில் என்ன செய்வது?' என்று கேட்பவர் இன்னொரு ரகம். இரண்டு ரகமும் நல்லவர்களே. சேர்ந்து போகாமலிருந்தால் நல்லவர்களாகவே இருப்பார்கள்.

வண்டி யாருடையது?

இதுவரை சொன்னதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. தீராத ஒன்று உண்டு: வண்டியின் சொந்தக்காரர் யார் என்பது. இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் வந்தவர். சண்டை வந்தால் வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்பார், வந்தவர் பெட்டியோடு ரோட்டில் நிற்பார். இது இருவருக்கும் உள்ளூரத் தெரியும். அதனால் வந்தவர் எதற்கெடுத்தாலும் 'சரி, உங்கள் இஷ்டம்' என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே போவார். வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது, 'எவ்வளவு ஒத்துப்போகிறோம்!' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று ஒருநாள் எங்கோ ஓர் அத்துவானத்தில் அது வெடிக்கும்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, முழுநேரமும் வண்டியிலேயே இருந்துவிடலாம் என்று கிளம்பி வந்தவருக்கு இது வெறும் மனஸ்தாபம் இல்லை. அவருக்குத் திரும்பிப் போக இடமே இல்லை. துணை தேடுவதில் இருக்கிற உண்மையான ஆபத்து இதுதான் என்பது என் அழுத்தமான கருத்து. குணம் ஒத்துப்போகிறதா என்று ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள், ஒத்துப்போகாவிட்டால் நான் எங்கே போவேன் என்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை.

சேர்ந்து வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா? வேறு சிக்கல் வரும். புது வண்டியின் விலை ஷோரூமை விட்டு இறங்கிய நாளிலிருந்தே சரிய ஆரம்பிக்கும். ஒருவர் விலக நினைத்தால் மற்றவர் அவர் பங்கை எந்த விலைக்கு வாங்குவது? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமைப் பத்திரத்தில் இரண்டு பெயர் இருக்கும்போது, விற்பதற்கு இருவர் கையெழுத்தும் தேவையா, ஒருவர் கையெழுத்தே போதுமா என்பது பத்திரத்தில் பெயர்களை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்தது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர், ஒருநாள் காலையில் தன் வண்டி தன்னைக் கேட்காமலே விலைபோயிருப்பதைப் பார்க்க நேரலாம்.

பணக்கணக்கில் நான் நியாயமென்று நினைப்பது இது. பெட்ரோல், கேஸ், முகாம் கட்டணம், மளிகை எல்லாம் சரிபாதி. டயர், எஞ்சின், இன்ஷூரன்ஸ், பிரேக் எல்லாம் சொந்தக்காரர் தலையில். ஏனென்றால் பயணம் முடிந்தபின் வண்டி அவரிடம்தானே இருக்கப்போகிறது? வழியில் ரிப்பேர் என்று வந்துவிட்டால் முகம் பார்த்துப் பேசுவது கஷ்டம், ஆகவே இதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்களுக்குள் என்ன எழுத்து என்று கூச்சப்படக் கூடாது. நண்பர்களாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுத்து.

இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன். இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இருவர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். துணையாக வருபவரிடம் மாத வாடகை வாங்கினால், 'வண்டியை வாடகைக்கு விட்டாய்' என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கக்கூடும். செலவைப் பகிர்வது வேறு, வாடகை வாங்குவது வேறு. முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஆளுக்கொரு கூடாரம்

சேர்ந்து பயணம் போவது எப்படி என்று பாடம் கற்க நூறு வருஷம் பின்னால் போகலாம். தாமஸ் எடிசன், ஹென்றி ஃபோர்டு, டயர் அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ். இந்த நான்கு பேரும் தங்களை 'நாடோடிகள்' என்று அழைத்துக்கொண்டு கார்களில் முகாம் போட்டுத் திரிந்தார்கள். 1914இல் எடிசனின் ஃப்ளோரிடா வீட்டிலிருந்து சதுப்புக் காட்டுக்குப் போனதில் தொடங்கி 1924 வரை இது நடந்தது. ஒரு வருஷம் ஜனாதிபதி ஹார்டிங்கே வந்து கலந்துகொண்டார்.

நால்வரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பரோஸுக்கு ஆரம்பத்தில் மோட்டார் கார் என்றாலே ஆகாது, இயற்கையைக் கெடுக்க வந்த பிசாசு என்று நினைத்தவர். ஃபோர்டு அவருக்கு ஒரு காரையே பரிசாக அனுப்பி நண்பராக்கிக்கொண்டார். எடிசனுக்கு முகாமில் சவரம் செய்வதே பிடிக்காது. ஃபயர்ஸ்டோனோ சுத்தக்காரர், ஒருமுறை ஓட்டலுக்கு நழுவிப்போய்க் குளித்துச் சவரம் செய்துகொண்டு வந்து எடிசனிடம் ஏச்சு வாங்கினார். யூதர்கள் மீது ஃபோர்டுக்கு இருந்த வெறுப்பு உலகறிந்தது. 1919இல் முகாம் நெருப்பைச் சுற்றி அமர்ந்து அவர் அதைக் கொட்டியதை பரோஸ் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் பத்து வருஷம் எப்படிச் சேர்ந்து போனார்கள்? பணக்காரர்கள், சமையல்காரரும் டிரைவர்களும் கூடவே வந்தார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது. ஆளுக்கொரு கூடாரம் இருந்தது, அதில் அவரவர் பெயரே எழுதியிருந்தது. எடிசனின் பேட்டரிகளால் உள்ளே விளக்கும் எரிந்தது. வேலையும் பிரிந்திருந்தது. முன்காரில் உட்கார்ந்து திசைகாட்டியைப் பார்த்து எந்த ரோட்டில் போவது என்று முடிவு செய்வது எடிசன். சாப்பாட்டு ஏற்பாடு ஃபயர்ஸ்டோன். கார் மக்கர் பண்ணினால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குவது ஃபோர்டு. பறவைக்கும் செடிக்கும் பெயர் சொல்வது பரோஸ். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை. அலுத்துப்போனால் போய்ப் படுத்துக்கொள்ளத் தனியிடமும் இருந்தது. கடைசியில் அவர்கள் நிறுத்திக்கொண்டதுகூடச் சண்டையால் அல்ல. 1921இல் பரோஸ் காலமானார். போகிற இடமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதில் முகாமின் அமைதியும் போயிற்று.

இன்றைய அமெரிக்கப் பயணிகளும் அனுபவத்தில் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்ற சங்கம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அவரவர் வண்டியில் வருவார்கள், ஓரிடத்தில் கூடுவார்கள், சேர்ந்து சமைப்பார்கள், இரவில் அவரவர் வண்டிக்குப் போய்விடுவார்கள். பெண்களுக்கென்று 'ஆர்விங் விமன்', பழைய டிரெய்லர்களை வண்ணமடித்து இழுத்துவரும் 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை' போன்றவை உண்டு. 'நோமேட்லேண்ட்' படத்திலும் கவனித்திருப்பீர்கள், கதாநாயகி ஃபெர்னுக்கு அருமையான சிநேகிதிகள் கிடைக்கிறார்கள், ஆனால் எல்லோரும் தனித்தனி வண்டி.

எனவே யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். முடியுமென்றால் இரண்டு சின்ன வண்டியில் போங்கள். ஒரு பெரிய வண்டியின் விலையில் இரண்டு பழைய வேன்களை வாங்கிவிடலாம். பெட்ரோல் செலவு கூடும், உண்மைதான். சிநேகம் மிஞ்சும்.

முன்பின் தெரிந்தவரானாலும்...

ஒரே வண்டிதான் கட்டுப்படியாகும் என்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2021 கோடையில் கேபி பெட்டிட்டோ என்ற 22 வயதுப் பெண், பள்ளி நாளிலிருந்தே தெரிந்த தன் வருங்காலக் கணவனுடன் ஒரு சிறு வேனில் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டாள். படங்களில் எல்லாம் சிரிப்பு. ஆகஸ்ட் 12 அன்று யூட்டா மாநிலத்தின் மோவாப் நகருக்கருகே போலீஸார் அந்த வேனை நிறுத்தினார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். இருவரையும் அந்த ஒரு ராத்திரிக்குப் பிரித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். செப்டம்பர் 19 அன்று வயோமிங் காட்டில் அவள் உடல் கிடைத்தது. தானே கொன்றதாக அவன் எழுதிவைத்த குறிப்பேட்டைப் பிறகு கண்டெடுத்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு 2023இல் யூட்டா மாநிலம், குடும்ப வன்முறை வழக்குகளில் உயிராபத்து எவ்வளவு என்று போலீஸார் கேள்வி கேட்டு மதிப்பிடுவதைச் சட்டமாக்கியது.

எல்லாப் பயணத் துணையும் ஆபத்து என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன் என்பதே ஒரு பாதுகாப்பு அல்ல, அவ்வளவுதான். போன மாதம் அறிமுகமானவர் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் நீதிமன்ற வழக்குகள் பெரும்பாலும் பொதுப் பதிவு, தேடிப் பார்க்கலாம். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியலை நீதித்துறையே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பார்ப்பதில் வெட்கம் வேண்டாம், எதிராளியையும் உங்களைப் பற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கோபப்படுகிறவர் உங்களுக்குத் தேவையில்லை. முதல் சந்திப்பு நாலு பேர் நடமாடும் காபிக்கடையில் இருக்கட்டும். சாவியில் ஒரு பிரதி, சொந்தப் போன், சொந்தக் கார்டு, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவை எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு வெள்ளோட்டம். மூன்று, நான்கு நாள் போதும். மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் உள்ள சொகுசு முகாம் வேண்டாம். அங்கே யாரும் ஒத்துப்போவார்கள். இணைப்பே இல்லாத இடமாக, முடிந்தால் மழைக்காலமாகப் பாருங்கள். மழை நாளில் இருவரும் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும், ஈரச் செருப்பு வாசலிலேயே இருக்கும், ஜன்னலில் வியர்வை கோத்து வழியும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே, மழை பெய்தால் அது மூன்றே நாளில் தெரிந்துவிடும். அந்த வெள்ளோட்டத்துக்கு இருவரில் எவர் வண்டியையும் எடுக்காமல் வாடகை வண்டி எடுத்தால் இன்னும் விசேஷம். அப்போது இருவருமே வந்தவர்கள், இருவருமே வீட்டுக்காரர்கள். குணம் கலப்படமில்லாமல் வெளியே வரும்.

வாரத்தில் ஒருநாளாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கழிக்கவும் ஏற்பாடு வேண்டும். ஜான் ஸ்டெய்ன்பெக் 1960இல் சார்லி என்ற நாயை மட்டும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்து புத்தகம் எழுதியது பிரபலம். வழியில் அவருடைய மனைவி எலைன் வந்து சேர்ந்துகொள்வதும் பிறகு ஊர் திரும்புவதுமாக இருந்தார். பெரும்பாலும் கூடவே இருந்தது நாய்தான். புருஷன் பெண்டாட்டிக்கே அந்த இடைவெளி வேண்டியிருந்தது என்றால் புதிதாகச் சேர்ந்த இருவருக்குச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களும் இப்போது நீண்ட விடுமுறைக்கு இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஆர்.வி. வாடகைக்கு எடுத்து யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் கிளம்புகிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்வேன்: அடுப்பைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். கடுகு வெடித்து மிளகாய் கிள்ளிப்போட்ட அடுத்த நொடி வண்டியின் புகை அலாரம் அலறும். மணம் மெத்தை, திரைச்சீலை எல்லாவற்றிலும் ஏறும். ஒரு குடும்பம் சைவம், மற்றது அசைவம், இருக்கிறது ஒரே வாணலி என்றால் மனவருத்தம் நிச்சயம். வெளியே வைத்துச் சமைக்க ஒரு சிறு கேஸ் அடுப்பு, இரண்டு செட் பாத்திரம். இதோடு பெரியவர்களுக்குப் பரண் படுக்கை கொடுக்காமலிருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

வயதானவர்கள் துணை சேரும்போது யாரும் பேசத் தயங்குவது ஒன்று உண்டு. ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வது? மருத்துவமனைக்குக் கொண்டுபோவது சரி, அப்புறம்? டெக்சாஸ் மாநிலம் லிவிங்ஸ்டனில், 1978இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற ஆர்.வி. சங்கம், இனிப் பயணம் செய்ய முடியாத உறுப்பினர்களுக்காகவே ஒரு பராமரிப்பு மையத்தை ஏற்படுத்தியது. தங்கள் வண்டியிலேயே குடியிருந்தபடி சாப்பாடும் கவனிப்பும் பெறுவதற்கான ஏற்பாடு அது. இந்த ஏற்பாடு தேவைப்படும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே விஷயத்தின் கனத்தைச் சொல்கிறது. அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், என்ன மருந்து, வண்டியை யார் திருப்பி ஓட்டிப்போவது ஆகிய மூன்றையும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

நல்ல துணை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சந்தேகமே இல்லை. பாலைவனத்தில் சூரியன் இறங்கும்போது பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்க ஒருவர் இருப்பது பெரிய பாக்கியம். அந்த ஆசையோடு கிளம்புகிற ஒவ்வொருவரிடமும், முக்கியமாகத் தனியாக இருக்கும் பெண்களிடம், நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான். முதல் மூன்று மாதம் முடியும்வரை இருக்கிற வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஊர் திரும்புவதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்து, அதைத் தொடாதீர்கள். பிரிவதென்றால் பஸ்ஸோ விமானமோ உள்ள ஊர்வரை கொண்டுபோய் விடுவது வண்டிக்காரர் பொறுப்பு என்று புறப்படும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரின் வண்டியில் ஏறாதீர்கள்.